தேரோட்டமும் சறுக்கோட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகின்ற திசையில் விரிந்து கிடக்கும் நிலப்பரப்பைப் படுவான்கரை என்றும், கிழக்கே கடலை அடுத்துள்ள பரப்பை எழுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். படுவான்கரை வயல்களின் நடுவே அமைந்தது கொக்கட்டிச்சோலை. ஊருக்குப் பெயர் தந்தது கொக்கட்டி மரம். புகழ் தந்தது தான்தோன்றீஸ்வரர் ஆலயம். மட்டக்களப்புத் தமிழகத்தில் தேரோட்டம் என்றதும் பலரின் நினைவுக்கு வருவது இக்கோயிலே. திருவிழா நாளில் வாவியின் இரு கரைகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுவர். நீண்ட வடங்களைப் பலர் பற்றி இழுக்க, தேர் அசைந்து நகரும்.

அக்காட்சியில் உள்ளத்தைப் பறிகொடுப்போர் பலர்; தேரின் அடியைக் குனிந்து பார்ப்போர் சிலரே. குனிந்து பார்ப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. மரபுவழி வந்த மரத்தேருக்குச் சுக்கான் கிடையாது. காரிலும் லொறியிலும் இருப்பதுபோல் முன்சில்லுகளை மட்டும் வலமோ இடமோ திருப்பும் பொறி அதில் இல்லை. அச்சும் சில்லும் நேரே செல்வதற்கென்றே அமைந்தவை. அவ்வாறாயின் தேர் வீதியை விட்டு விலகாமல் செல்வது எவ்வாறு? மூலையில் திரும்புவது எவ்வாறு? விடை, சில்லின் அருகே கட்டையுடன் நடக்கும் சிலரிடம் இருக்கின்றது. ஆப்புப் போலச் சரிவாகச் செதுக்கிய கட்டையை, வேண்டிய சில்லின் கீழ், வேண்டிய நொடியில் அவர்கள் கொடுப்பர். சில்லு கட்டையோடு உரசிச் சற்றே பக்கவாட்டில் நழுவும்; தேரின் முகம் மாறும். தமிழ்நாட்டின் திருவாரூர் ஆழித்தேருக்கோ கட்டை மட்டும் போதாது. ஏறக்குறைய 96 அடி உயரமும் 300 தொன் நிறையும் உடையதெனச் சொல்லப்படும் அத்தேரை மூலைகளில் திருப்பும்போது, மசகு பூசிய இரும்புத் தகடுகளைச் சில்லுகளின் கீழ் இட்டு, அவற்றின்மேல் தேரைச் சறுக்கச் செய்து திருப்புகின்றனர்.

சறுக்கல் என்பது பொதுவாக விபத்தின் பெயர். ஆனால் திட்டமிட்ட இடத்தில், திட்டமிட்ட அளவில், தக்க ஏற்பாட்டோடு நிகழும் சறுக்கல் விபத்தன்று. அது ஒரு வித்தை. தேர்ச்சில்லின் அருகே நடப்பவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கும் இவ்வுண்மையே, இன்று இளைஞர்கள் கணினித் திரைக்கு முன்னும் கையடக்கத் தொலைபேசிக்கு முன்னும் மணிக்கணக்கில் அமர்ந்து பயிலும் ஒரு விளையாட்டின் உயிராகவும் இருக்கின்றது. கார்ப்பந்தய விளையாட்டுகளில் 'டிரிஃப்ட்' என்று அவர்கள் சொல்லுவது இதனையே. தேர் ஓடுவது தேரோட்டம் ஆனாற்போல, கார் சறுக்கியவாறே ஓடுவதைச் சறுக்கோட்டம் எனலாம்.

பிள்ளை இவ்விளையாட்டை ஆடும்போது பின்னால் நின்று பார்க்கும் தந்தைக்கு முதலில் குழப்பமே மிஞ்சும். திரையில் பாதை வலப்புறம் வளைகின்றது. பிள்ளையோ சுக்கானை இடப்புறம் திருப்பி வைத்திருக்கின்றான். காரின் முகம் ஒரு திசையிலும் கார் போகும் வழி வேறொரு திசையிலும் இருக்கின்றன. பின்சில்லுகள் புகை கக்குகின்றன. இவன் ஓட்டத் தெரியாதவன் என்று தந்தை எண்ணுகின்றார். உண்மையில் அந்நொடியிலே பிள்ளை செய்வது, அவ்விளையாட்டில் கற்பதற்கு மிக அரிய செயல்.

அதனை விளங்கிக்கொள்ள, ரயரின் பிடி என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். ஒரு காரைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பவை நான்கு ரயர்கள். ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. அச்சிறு பரப்பின் உராய்வினாலேயே கார் வேகம் பெறுகின்றது, நிற்கின்றது, திரும்புகின்றது. இவ்வுராய்வு வரையற்றதன்று. ஒரு மனிதன் பையில் உள்ள ஒரு ரூபாவைப் போன்றது அது. அறுபது சதத்தைப் பிறேக் பிடிப்பதற்குச் செலவிட்டவனிடம் திரும்புவதற்கு நூறு சதம் இராது. கணக்கு இத்துணை எளிதன்று எனினும் பருமட்டாக உண்மை இதுவே. கையிருப்பை மீறிச் செலவு கேட்கும்போது ரயர் பிடியை இழந்து சறுக்குகின்றது.

சறுக்குவதிலும் இரு வகை உண்டு. முன்சில்லுகள் முதலில் பிடியிழந்தால், சுக்கானை எவ்வளவு திருப்பினும் கார் வளைவை மதியாது நேரே செல்லும். பின்சில்லுகள் முதலில் பிடியிழந்தால், காரின் வால் வெளிப்புறமாக வீசும். தடுக்காவிடின் கார் பம்பரம்போல் சுழன்று நிற்கும். இவ்விரண்டாவது சறுக்கலைத் தானே வருவித்து, சுழல விடாமல் இடையிலே தடுத்து, அந்த நிலையிலேயே வளைவு முழுவதையும் கடத்தலே சறுக்கோட்டம். வால் வெளியே வீசும்போது முன்சில்லுகள் கார் உண்மையிற் செல்லும் திசையை நோக்கியிருக்க வேண்டும். ஆகையினாலேயே வலப்புற வளைவில் சுக்கான் இடப்புறம் திரும்புகின்றது. இதனை எதிர்ச்சுக்கான் என்பர். எதிர்ச்சுக்கான் காரைச் சுழலாமற் காக்கின்றது. ஆர்முடுக்கி, அதாவது அக்சிலேற்றர், பின்சில்லுகளைத் தொடர்ந்து சுழலச் செய்து சறுக்கலை நிலைநிறுத்துகின்றது. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். கயிற்றின்மேல் நடப்பவன் கையிலுள்ள கோலைப்போல் இவ்விரண்டும் இடையறாது அசைந்துகொண்டே இருக்கும்.

இவ்வித்தை வளர்ந்த நாடு யப்பான். 1961 ஆம் ஆண்டில் மேற்கு யேர்மனியில் நிகழ்ந்த உலக மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்தில் வென்று, அவ்வெற்றியைப் பெற்ற முதல் யப்பானியர் என்னும் பெயர் கொண்டவர் குனிமிற்சு தகாகாசி. பின்னர் கார்ப்பந்தயத்துக்கு வந்த அவர், 1970 களில் வளைவுகளை வேகம் குறையாமற் சறுக்கியவாறே கடந்து பார்ப்போரை மலைக்க வைத்தார். அவரைக் கண்டு ஊக்கம் பெற்ற இளைஞர்களுள் ஒருவர் கெயிச்சி சுச்சியா. மலைச்சாலைகளில் ஓட்டிப் பழகிய இவர் பிற்காலத்தில் 'சறுக்கோட்ட மன்னர்' என்று பெயர் பெற்றார். இவருடைய டொயோட்டா ஏ.ஈ. 86 என்னும் சிறிய கார் உலகெங்கும் புகழ் பெற்றது. 1995 முதல் 2013 வரை சூய்ச்சி சிகெனோ வரைந்து வெளியிட்ட 'இனிசியல் டி' என்னும் சித்திரக்கதையும் இவ்வித்தையை வீடு தோறும் கொண்டு சென்றது. சோயாக் கட்டி விற்பவரின் மகன் ஒருவன், சரக்கு உடையாமல் மலைச்சாலையில் ஓட்டிப் பழகுவது அதன் கரு. காரில் வைத்த கிண்ணத்து நீர் சிந்தக் கூடாது என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. வேகத்தின் கதையாகத் தோன்றும் இதில் பயிற்றப்படுவது உண்மையில் நிதானமே. 2000 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யப்பானில் 'டி 1' என்னும் சறுக்கோட்டப் போட்டி தொடங்கிற்று. அதில் முந்தி வருபவன் வெல்வதில்லை. நுழையும் வேகம், சாயும் கோணம், செல்லும் தடம் ஆகியவற்றை நடுவர்கள் நோக்கிப் புள்ளி இடுகின்றனர். ஆட்டத்துக்கு மதிப்பிடுவதுபோல் ஓட்டத்துக்கு மதிப்பிடும் போட்டி அது.

கணினி விளையாட்டுக்குள் இவ்வித்தை படிப்படியாகவே புகுந்தது. 1993 இல் நம்கோ நிறுவனம் வெளியிட்ட 'ரிட்ஜ் ரேசர்' போன்ற ஆட்டங்களில் சறுக்கல் ஒரு கண்கட்டு வித்தையே. வளைவில் ஆர்முடுக்கியைச் சிறிது விட்டுப் பிடித்தால் கார் தானாகவே அழகுறச் சாயும். 1997 டிசம்பரில் கசுனோரி யமௌச்சி தலைமையில் உருவாகி யப்பானில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' வேறொரு வழியைத் திறந்தது. உண்மையான கார்களின் நிறை, வலு, வில்லமைப்பு முதலியவற்றைக் கணக்கிலெடுத்து, அவற்றிற்கேற்பவே திரையிலுள்ள காரை அது நடத்த முயன்றது. இன்றைய ஆட்டங்களில் கணினி வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை, ஒவ்வொரு ரயரின் மீதும் எவ்வளவு பாரம் இருக்கின்றது, அது எத்தனை பாகை சாய்ந்து உரசுகின்றது, எவ்வளவு பிடி எஞ்சியுள்ளது என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கின்றது. ஆகவே இங்கே ஆடுபவன் ஏமாற்ற முடியாது. இயற்கையின் விதிகள் திரைக்குள்ளும் அரசோச்சுகின்றன.

இதன் பயனாய் ஓட்டுவதற்கு முன்னரே ஒரு வேலை பிறந்துவிடுகின்றது. வீணையை எடுத்தவுடன் வாசிக்க முடியாது. சுருதி கூட்ட வேண்டும். காரும் அத்தகையதே. ஆட்டத்தின் பட்டியலைத் திறந்தால் ரயரின் தன்மை, வில்லின் இறுக்கம், சில்லின் சாய்வு, கியரின் அளவு என்று பல எண்கள் வரிசையாய் நிற்கும். புதிதாய் வருபவன் அவற்றைக் கண்டு மருண்டு மூடிவிடுகின்றான். அல்லது எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிக் காரைக் கெடுத்துவிடுகின்றான். ஒவ்வொன்றும் எதற்காக என்று தெரிந்துகொண்டால் மருட்சி நீங்கும்.

முதலாவது, கார். இஞ்சினின் வலு பின்சில்லுகளுக்குச் செல்லும் காரே இதற்கு ஏற்றது. முன்சில்லுகளால் இழுக்கப்படும் காரில் வாலை ஒருமுறை வீசச் செய்யலாம். வலுவைக் கொண்டு அவ்வீச்சை நிலைநிறுத்த இயலாது. வலு மிகுந்த காரைத் தேர்வதும் தொடக்கத்தில் தவறு. வலு குறைந்த கார் பிழையை மெல்லக் காட்டும். வலு மிகுந்தது பிழை புரியுமுன்னே சுழன்று நிற்கும்.

இரண்டாவது, ரயர். புதியவர் பெரும்பாலும் வழுவும் இடம் இதுவே. விலை கூடியது சிறந்தது என்று எண்ணி, சேர்த்த புள்ளிகளையெல்லாம் கொடுத்துப் பந்தய ரயரை வாங்கிப் பூட்டுவர். பிறகு கார் சறுக்க மறுக்கின்றதே என்று வருந்துவர். பந்தய ரயர் பிடிப்பதற்கென்றே பிறந்தது. வலு குறைந்த காருக்குப் பின்புறத்தில் பிடி குறைந்த, கடினமான, சாதாரண ரயரே தகுந்தது. பயிற்சி முதிர்ந்து, வலு மிகுந்த காரை எடுக்கும்போது பின்புறப் பிடியையும் கூட்ட வேண்டும். இன்றேல் சில்லு வெறுமனே சுழலுமேயன்றிக் கார் முன்னேறாது. முன்சில்லுகளுக்கோ எப்போதும் நல்ல பிடி வேண்டும், ஏனெனில் சறுக்கும் காருக்கு வழிகாட்டுபவை அவையே.

மூன்றாவது, டிபறன்சல். பின் அச்சின் நடுவே உள்ள இப்பல்லிணைப் பெட்டி வளைவில் வெளிச்சில்லு உட்சில்லைவிடக் கூடுதலாகச் சுழல இடங்கொடுக்கின்றது. சாதாரணப் பயணத்துக்கு அது நல்லது. ஆனால் ஒரு சில்லு பிடியிழந்தால் வலுவெல்லாம் அச்சில்லிலேயே வீணாகிவிடும். இதைப் படுவான்கரை உழவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சேற்று வயலில் உழவு இயந்திரத்தின் ஒரு சில்லு புதைந்து வீணே சுழலும்போது, சாரதி குதிகாலருகே உள்ள மிதியை அமுக்குவார். 'டிப் லொக்' விழும். இரு பின்சில்லுகளும் ஒன்றாகப் பிணைந்து சுழலும். இயந்திரம் சேற்றை விட்டு ஏறும். சறுக்கோட்டக் காரில் வேண்டப்படுவதும் அப்பிணைப்பே. இரு பின்சில்லுகளும் ஒரே வேகத்திற் சுழன்றால்தான் வால் ஒரே சீராகச் சறுக்கும். ஆட்டத்தில் இவ்வெண்ணை உயர்த்தி வைத்தால் கார் சொற்கேட்கத் தொடங்கும்.

நான்காவது, முன்சில்லின் அமைப்பு. சாதாரணக் காரின் முன்சில்லு ஏறக்குறைய 35 முதல் 40 பாகை வரையே திரும்பும். சறுக்கோட்டக் காருக்கு அது போதாது. 60 பாகை அளவுக்கும் திரும்புமாறு அதனை மாற்றுவர். வால் அதிகம் வீசும்போது எதிர்ச்சுக்கானுக்கு இடம் இல்லையெனில் மீள வழியில்லை. இதனோடு முன்சில்லின் தலையைச் சில பாகை உட்புறம் சாய்த்து வைப்பதும் வழக்கம்; திரும்பிய நிலையிலும் ரயரின் முகம் நிலத்தில் நன்கு படியும்பொருட்டு. சுக்கான் திரும்பும் அச்சினைப் பின்புறம் சாய்த்து வைப்பது மற்றொன்று. கடையிலே தள்ளுவண்டியின் சிறுசில்லு போகும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். அதைப் போலவே சறுக்கும் காரின் முன்சில்லும் செல்லும் திசையைத் தானே நாடும். ஓட்டுபவன் சுக்கானை இறுக்கிப் பிடிக்காமல் கைகளிடையே சுழல விட்டு, வேண்டியபோது பற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, வில்லும் பாரமும். கார் பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாயும். வேகம் எடுக்கும்போது பின்னே சாயும். திரும்பும்போது வெளிப்புறம் சாயும். மாட்டுவண்டியில் வைத்த தண்ணீர்க் குடம் தளும்பும் திசையை நினைத்தால் இது விளங்கும். பாரம் கூடிய சில்லுக்குப் பிடி கூடும். பாரம் நீங்கிய சில்லு எளிதிற் சறுக்கும். முன்னும் பின்னும் உள்ள வில்களுள் எது கூடுதலாக இறுகியிருக்கின்றதோ அந்தப் பக்கம் வளைவில் முதலிற் பிடியிழக்கும் என்பது பொதுவிதி. ஆகவே கார் நேரே ஓடி அடம்பிடித்தால் பின்புறத்தைச் சிறிது இறுக்க வேண்டும். எடுத்ததற்கெல்லாம் சுழன்றால் பின்புறத்தைத் தளர்த்த வேண்டும். இறுதியாகக் கியரின் அளவை, வளைவு முழுவதும் ஒரே கியரில், பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ, இஞ்சினின் வலு குன்றாமல் ஓடுமாறு பொருத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் அறிந்தபின் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் ஒன்று உண்டு. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும். மாற்றியபின் அதே வளைவில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கண்ட பயனையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். நல்ல விவசாயி புதிய நெல்லினத்தை முழு வயலிலும் ஒரே போகத்தில் விதைப்பதில்லை. ஒரு வரவையில் விதைத்துப் பார்ப்பான். இரண்டு காரணங்களை ஒருசேர மாற்றியவனுக்கு விளைவு எதனால் வந்தது என்பது ஒருநாளும் தெரியாது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் வற்புறுத்தும் இதே பாடத்தை, தோல்வியின் எரிச்சலோடு ஓர் இளைஞன் தன் அறையில் தானாகவே கற்றுக்கொள்வானாயின் அது சிறிய பயனன்று.

இனி ஓட்டும் முறை. வளைவுகள் நிறைந்த மலைச்சாலைக்கு எடுத்த எடுப்பில் போகலாகாது. முதலில் அகன்ற வெறுந்தளத்தில் ஒரே வட்டத்தைச் சுற்றிப் பழக வேண்டும். மெதுவாக வட்டமிட்டு, ஆர்முடுக்கியைச் சட்டென அமுக்கினால் வால் வெளியே நழுவும். அந்நொடியிலே எதிர்ச்சுக்கான், உடனே ஆர்முடுக்கியைச் சற்றே தளர்த்தல், பின் மீண்டும் சிறிது. வட்டம் கைவந்தபின் எட்டின் வடிவம். எட்டில்தான் உண்மையான சோதனை இருக்கின்றது. ஒரு பக்கச் சறுக்கலிலிருந்து மறுபக்கச் சறுக்கலுக்கு மாறும் நடுப்புள்ளியில் எதிர்ச்சுக்கானை உரிய காலத்தில் விடுவிக்காதவன் காரை மறுபுறம் எறிந்துவிடுவான். சறுக்கலை வருவிப்பதைக் காட்டிலும் அதை முடித்து வைப்பதே கடினம் என்பதை அனைவரும் அங்கேதான் அறிகின்றனர்.

சறுக்கலை வருவிக்கும் வழிகளும் பல. கைப்பிறேக்கை இழுத்துப் பின்சில்லுகளை ஒரு கணம் பூட்டுதல் எளிய வழி. கிளச்சை மிதித்து இஞ்சினை இரைய விட்டு, மிதியைச் சட்டென விடுதல் மற்றொன்று. வலு ஓர் அடிபோல் பின்சில்லில் இறங்கிப் பிடியை உடைக்கும். வளைவுக்கு முன் காரை எதிர்ப்புறம் சிறிது வீசிப் பின் வளைவின் பக்கம் திருப்புதல் மூன்றாவது வழி. ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்து விடுவதுபோல் பாரத்தின் ஆட்டமே வாலைத் தூக்கி எறியும். பனியும் சரளையும் நிறைந்த சாலைகளில் ஓடிய ஸ்கந்திநேவிய ஓட்டுநர்கள் கையாண்ட வழி இது. எந்த வழியாயினும், கண் பார்க்க வேண்டிய இடம் காரின் முகமன்று. கார் சென்று சேர வேண்டிய இடம். சுவரைப் பார்ப்பவன் சுவரிலேயே மோதுவான்.

இவ்விளையாட்டிற் பெற்ற திறமை மெய்யான சாலையிற் செல்லுமா என்னும் வினா எழுவது இயல்பு. அதற்கு விடை காண முயன்றது, நிசான் நிறுவனமும் பிளேஸ்டேஷன் நிறுவனமும் சேர்ந்து 2008 இல் தொடங்கிய ஒரு தேர்வு. 'கிரான் டூரிஸ்மோ'வில் சிறந்து ஆடுவோரைத் தெரிந்து, மெய்யான பந்தயக் காரில் பயிற்றுவித்தனர். முதலாண்டில் வென்ற லூக்கஸ் ஓர்டோனெஸ் ஸ்பெயின் நாட்டில் வணிகவியல் பயின்ற மாணவர். அவர் 2011 இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். 2011 இல் தேர்வு பெற்ற பிரித்தானிய இளைஞர் யான் மார்டன்பரோ 2013 இல் அதே பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். திரையிற் கற்றது வெறும் மாயையன்று என்பதற்கு இவ்விருவருமே சான்று.

ஆயினும் சான்றின் மறுபக்கமும் உண்டு. 2015 மார்ச்சில் யேர்மனியின் நூர்பேர்க்றிங் ஓடுபாதையில், மேடு ஒன்றின்மேல் மார்டன்பரோவின் காரின் முகம் காற்றில் எழுந்தது. கார் தடுப்புவேலியைத் தாண்டி விழ, பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். பயிற்சி பெற்ற ஓட்டுநர், முறையான ஓடுபாதை, வேலி ஆகிய எல்லாம் இருந்தும் நேர்ந்தது அது. இலங்கைக்கும் இத்துயர் புதிதன்று. 2024 ஏப்பிரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத் திடலில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்ததில் 7 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள்.

விளையாட்டு எல்லாவற்றையும் கற்பிக்கின்றது, ஒன்றைத் தவிர. கார் சுவரில் மோதினால் ஒரு பொத்தானை அமுக்க, எல்லாம் முன்போலாகிவிடுகின்றது. ரயருக்குச் செலவில்லை, பெற்றோலுக்குச் செலவில்லை. படுவான்கரையின் ஏழை வீட்டுப் பிள்ளையும் யப்பானிய மலைச்சாலையில் ஓட்டலாம். ஆயிரம் முறை பிழைவிட்டு ஆயிரத்தோராம் முறை கற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் பெருங்கொடை. அக்கொடையே பழக்கமாகி, எந்தப் பிழையையும் மீட்கலாம் என்னும் எண்ணம் கைகளில் ஊறிவிடுவது அதன் பெருங்கேடு. மெய்யான காரில் இருக்கை முதுகுக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. சறுக்கல் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்னரே உடல் அறியும். திரைக்கு முன் அமர்ந்தவனுக்கு அச்செய்தியும் இல்லை, அதனோடு வரும் அச்சமும் இல்லை.

மண்முனைத் துறையில் ஒருகாலத்தில் வாகனங்களும் மக்களும் 'பாதை' என்று அவ்வூரார் வழங்கும் மிதவையில் ஏறி, வாவியை மெல்லக் கடந்தே கொக்கட்டிச்சோலைப் பக்கம் சென்றனர். 2014 இல் யப்பானிய அரசின் உதவியோடு அங்கே பாலம் எழுந்தது. காத்திருப்பு நீங்கிற்று, வேகம் வந்தது. வேகத்தோடு அதன் பொறுப்பும் வந்தது. இலங்கை வீதிகளில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 2,000 க்கு மேற்பட்டோர் விபத்துகளில் இறக்கின்றனர். 1987 இலும் 1991 இலும் படுகொலைகளில் தன் மக்களைப் பறிகொடுத்த ஊர் கொக்கட்டிச்சோலை. ஓர் இளைஞனின் உயிர் என்ன விலை என்பதை அவ்வூருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மண்ணில், திரையிற் கற்ற ஒரு வித்தையைப் பொதுவீதியிற் காட்டப் போய் ஓர் உயிர் போவதாயின் அதைவிட வீணான இழப்பு வேறில்லை.

அதற்காகப் பிள்ளையின் கையிலிருந்து விளையாட்டைப் பறிப்பது வழியாகாது. பறிப்பதைக் காட்டிலும் அவனருகே அமர்ந்து, சுக்கான் ஏன் மறுபுறம் திரும்பியிருக்கின்றது என்று கேட்டுப் பார்க்கலாம். அவன் சொல்லும் விடையில் உராய்வும் சடத்துவமும் பாரத்தின் ஆட்டமும் வந்து நிற்கும். அதன்பின் அவனைத் தேரடிக்கு அழைத்துச் சென்று, சில்லின் அருகே நடப்பவரைக் காட்டலாம். தேர் தனக்குரிய நாளில், தனக்குரிய வீதியில் மட்டுமே ஓடுகின்றது. ஓடுமுன் வீதி ஒழிக்கப்படுகின்றது, குழந்தைகள் விலக்கப்படுகின்றனர், வடம் பிடிப்போர் பலராயினும் கட்டை கொடுப்போரின் குரலுக்கு அனைவரும் நிற்கின்றனர். அத்துணை ஏற்பாட்டின் பின்னரே அந்தச் சிறு சறுக்கல் நிகழ்கின்றது. சறுக்கலை வித்தையாக்குவது வேகமன்று, அந்த ஏற்பாடே. திரையில் எத்துணை அழகாகச் சறுக்கினாலும், மெய்யான வீதியில் சில்லுகள் நான்கும் நிலத்தைப் பற்றி நிற்குமாறு மெல்ல ஓட்டி வீடு சேர்பவனே அவ்வித்தையை முழுதும் கற்றவன்.